சொந்தமாக ஒரு டோக்கனைசர்: ஒரு சொல் எங்கே முடிகிறது?

கம்பைலர் டிசைன் பாடத்தில் முதலில் வருவதே லெக்சிகல் அனாலிசிஸ்தான். ரெகுலர் எக்ஸ்பிரஷன், என்எஃப்ஏ, டிஎஃப்ஏ என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். லேபில் ஒரு லெக்ஸ் புரோகிராமை ஓட்டி, அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறோம். ஆனால் "ஒரு குட்டி மொழியை நீங்களே உருவாக்குங்க, அதுக்கு டோக்கனைசரையும் நீங்களே எழுதுங்க" என்று யாராவது சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்போம்.

தொடங்குவது கஷ்டமே இல்லை. லெக்ஸ், ஃப்ளெக்ஸ் எதுவும் இல்லாமல், கையாலேயே சில நூறு வரிகளுக்குள் நல்ல டோக்கனைசர் எழுதிவிடலாம். அதை எப்படி வடிவமைப்பது என்று இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். நமது குட்டி மொழியில் மாறிகளின் பெயர்களும் கீவேர்டுகளும் தமிழிலேயே இருக்கும். படிக்க எளிது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு: ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் வெளியே தெரியாத ஒரு ஓட்டை, தமிழை வைத்ததும் உடனே தெரிந்துவிடும்.

டோக்கனைசர் என்ன வேலை செய்கிறது?

இந்த வரியைப் பாருங்கள்:

மொத்தம் = விலை * 3 - தள்ளுபடி

நமக்கு இது ஒரு கணக்கு. கணினிக்கு இது வரிசையாக நிற்கும் குறிகள், அவ்வளவுதான். டோக்கனைசர் அந்த வரிசையை அர்த்தமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பெயர் ஒட்டுகிறது:

பெயர்: மொத்தம்
குறி: =
பெயர்: விலை
குறி: *
எண்: 3
குறி: -
பெயர்: தள்ளுபடி
முடிவு

இந்த எட்டுத் துண்டுகள்தான் டோக்கன்கள். பார்சர் இவற்றை வாங்கி, எதை எதோடு சேர்ப்பது, பெருக்கல் முதலா கழித்தல் முதலா என்று மரம் கட்டும். வெற்றிடம், கமெண்ட், வரி மாற்றம் போன்ற தொல்லைகளை டோக்கனைசர் முன்னாலேயே துடைத்துவிடுவதால் பார்சர் சுத்தமாக இருக்கும்.

இப்படி இரண்டாகப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? பார்சரின் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் "இங்கே வெற்றிடம் இருந்தால் தாண்டு" என்று எழுத வேண்டிவரும். ஒரு இடத்தில் மறந்தால், அந்த இடத்தில் ஸ்பேஸ் விட்டவருக்கு மட்டும் பிழை வரும். அப்படி ஒரு பிழையைத் தேடிப் பிடிப்பது பெரிய தலைவலி.

வேலைப் பிரிவுக்கு ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்: துண்டின் எல்லை எங்கே என்பதை டோக்கனைசர் முடிவு செய்யும், துண்டுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்பதை பார்சர் முடிவு செய்யும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விதியின் நீட்சிதான்.

முதல் படி: டோக்கனின் வடிவம்

கோடு எழுதுவதற்கு முன் ஒரு தாளில் டோக்கன் வகைகளைப் பட்டியலிடுங்கள். நமது மொழிக்கு இவை போதும்: எண், ஸ்ட்ரிங், பெயர், கீவேர்டு, குறி, பிழை, முடிவு.

ஒவ்வொரு டோக்கனும் நான்கு தகவல்களைச் சுமக்க வேண்டும்: வகை, உரை, வரி எண், அந்த வரியில் தொடங்கும் இடம். கடைசி இரண்டையும் "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். முப்பது இடத்தில் டோக்கன் உருவாக்கும் கோடு எழுதிய பிறகு வரி எண்ணைச் சேர்ப்பது, வீடு கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்து ஒயரிங் போடுவது மாதிரி.

'முடிவு' என்பதை ஒரு தனி டோக்கனாக வைத்தது ஏன்? "இன்னும் டோக்கன் இருக்கிறதா?" என்று பார்சர் ஒவ்வொரு முறையும் கேட்கத் தேவையில்லை. எடுத்த டோக்கனின் வகையைப் பார்த்தாலே போதும்.

இரண்டாம் படி: மையச் சுழற்சி

டோக்கனைசரின் இதயம் இந்தச் சில வரிகள்தான்:

அடுத்த_டோக்கன்:
  வெற்றிடத்தையும் கமெண்டையும் தாண்டு
  தொடக்கம் = இடம்
  உரை முடிந்துவிட்டதா? முடிவு டோக்கனைக் கொடு
  இப்போதைய குறி இலக்கமா? எண்ணைப் படி
  பெயரைத் தொடங்கக்கூடியதா? பெயரைப் படி
  மேற்கோளா? ஸ்ட்ரிங்கைப் படி
  மற்றபடி: ஆபரேட்டரைப் படி

முதல் குறியைப் பார்த்தே எந்த வழியில் போவது என்று தீர்மானித்துவிடுகிறோம். பிறகு அந்தந்த ஃபங்ஷன் தனக்கு உரியது தொடரும் வரை படித்துக்கொண்டே போகும். 'தொடக்கம்' முதல் இப்போதைய 'இடம்' வரை உள்ளதுதான் டோக்கனின் உரை. பாடத்தில் வரைந்த டிஎஃப்ஏ படம் இதேதான். வட்டங்களுக்குப் பதில் இங்கே ஃபங்ஷன்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு குறியைப் படித்ததும் மீதி உரையை வெட்டிப் புது ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. பைத்தான் போன்ற மொழிகளில் ஒவ்வொரு வெட்டும் மீதி முழுவதையும் நகலெடுக்கும். 1 லட்சம் குறிகள் உள்ள கோப்பில், சராசரியாக 50,000 குறிகள் வீதம் 1 லட்சம் முறை நகல் என்றால், மொத்தம் 500 கோடிக் குறிகள்! உரையைத் தொடவே தொடாதீர்கள். 'இடம்' என்ற ஒரு எண்ணை மட்டும் நகர்த்துங்கள்.

நீளமானதே வெல்லும்

ஆபரேட்டரைப் படிக்கும்போது முதல் கேள்வி வரும். "<=" என்று வந்தால் அது ஒரு டோக்கனா, "<", "=" என்று இரண்டா? கிட்டத்தட்ட எல்லா மொழிகளும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: எவ்வளவு நீளமாக எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடு. "<" வந்ததும் நிற்காமல் அடுத்த குறியை எட்டிப் பார்க்க வேண்டும். அது "=" என்றால் அதையும் சேர்த்து விழுங்க வேண்டும்.

இந்த விதி கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் என்பதற்கு சி மொழியிலேயே உதாரணம் உண்டு. சி மொழியில் அ, ஆ என்ற இரண்டு மாறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அ---ஆ என்று எழுதினால் டோக்கனைசர் முதலில் "--" ஐ எடுக்கும், பிறகு "-". அது (அ--) - ஆ என்று சரியாகவே ஓடும். அ-----ஆ என்று ஐந்து கோடு போட்டால் "--", "--", "-" என்று வெட்டும். (அ--) - (--ஆ) என்று படித்தால் அர்த்தம் இருக்கிறதே என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் டோக்கனைசர் பொருளைப் பார்ப்பதில்லை, பிழைதான் வரும்.

சி++ மொழியிலும் இதே கதை. ஒரு டெம்ப்ளேட்டுக்குள் இன்னொரு டெம்ப்ளேட் வைத்து மூடும்போது ">>" என்று முடியும். டோக்கனைசர் அதை ஷிஃப்ட் ஆபரேட்டராக எடுத்துக்கொண்டது. அதனால் பல ஆண்டுகள் எல்லோரும் "> >" என்று நடுவே ஒரு ஸ்பேஸ் விட்டு எழுதினார்கள். 2011-ம் ஆண்டின் தரநிலையில்தான் இதற்குத் தீர்வு வந்தது. உங்கள் மொழிக்குப் புதுக் குறி ஒன்றைச் சேர்க்கும் முன், ஏற்கனவே உள்ள இரண்டு குறிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அதே உருவம் வருமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மைனஸை பார்சரிடம் விடுங்கள்

முதன்முதலாக டோக்கனைசர் எழுதுபவர்களை மாட்டிவிடும் இடம் இது. "-3 என்பது ஒரு எண்தானே? அதை ஒரே டோக்கனாக எடுத்துவிடலாமே" என்று தோன்றும். அப்படிச் செய்துவிட்டு 5-3 என்று கொடுத்துப் பாருங்கள். 5, பிறகு -3 என்று இரண்டு எண்கள் வரும். நடுவில் ஆபரேட்டரே இல்லை! பார்சர் திகைத்து நிற்கும். 5 - 3 என்று ஸ்பேஸ் விட்டு எழுதினால் மட்டும் சரியாக ஓடும். ஒரு ஸ்பேஸுக்காக விடை மாறும் மொழியை யார் நம்புவார்கள்?

மைனஸ் கழித்தலா, எதிர்க்குறியா என்பது அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதைப் பொறுத்தது. அது பொருள் பற்றிய கேள்வி, பார்சரின் வேலை. டோக்கனைசர் "-" என்று ஒரு குறியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. பைத்தானில் 2-ன் வர்க்கத்துக்கு முன்னால் மைனஸ் போட்டு -2**2 என்று எழுதினால் விடை -4. அடுக்கு முதலில், எதிர்க்குறி பிறகு என்ற கணித வழக்கப்படி பார்சர் சேர்க்கிறது. டோக்கனைசர் -2 ஐ முன்னாலேயே ஒட்டிவிட்டிருந்தால் விடை 4 ஆகியிருக்கும்.

முழுச் சொல்லையும் படி, பிறகு கேள்

நமது மொழியில் 'காட்டு' என்பது திரையில் அச்சிடும் கீவேர்டு என்று வைத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் விலங்குகளின் எண்ணிக்கையைக் கணக்கிட, காட்டுப்பூனை என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கிறார். டோக்கனைசர் "காட்டு என்று தொடங்குகிறதா?" என்று முதலில் சோதித்தால் என்ன ஆகும்? 'காட்டு' என்ற கீவேர்டு, பிறகு 'ப்பூனை' என்ற மிச்சம். அந்த மிச்சம் மெய்யெழுத்தில் தொடங்கும் ஒரு விநோதச் சொல்!

சரியான முறை: கீவேர்டைப் பற்றி நினைக்காமல் பெயர் முடியும் வரை முழுதாகப் படியுங்கள். முழுச் சொல்லும் கையில் வந்த பிறகு, கீவேர்டு அட்டவணையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கீவேர்டு, இல்லாவிட்டால் பெயர். 'இல்லை', 'இல்லையெனில்' என்று இரண்டு கீவேர்டுகள் இருந்தாலும் இதே வழியில் குழப்பம் வராது. நீளமானதே வெல்லும் என்ற விதிதான் இங்கேயும்.

பழைய ஃபோர்ட்ரானில் இந்த நிம்மதி இருக்கவில்லை. அதில் வெற்றிடத்துக்கு மதிப்பே கிடையாது. 'டூ 10 ஐ = 1,10' என்ற வரி ஒரு லூப்பின் தொடக்கம். கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்து 'டூ 10 ஐ = 1.10' என்றாகிவிட்டால், 'டூ10ஐ' என்ற மாறிக்கு 1.10 என்ற மதிப்பு கொடுக்கும் வரியாகிவிடும். கமா வருகிறதா புள்ளி வருகிறதா என்று பார்க்கும் வரை, முதல் இரண்டு எழுத்து கீவேர்டா இல்லையா என்றே சொல்ல முடியாது. சொல்லின் எல்லை தெளிவாக இல்லாத மொழியில் ஒரு புள்ளி எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் பாருங்கள்.

சரி, பெயர் எங்கே முடிகிறது?

"பெயர் முடியும் வரை படி" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எப்போது முடிகிறது? பாடப்புத்தகம் சொல்வது: எழுத்தில் தொடங்கும், எழுத்தும் இலக்கமும் தொடரும். அதை நம்பி, பைத்தானில் "இது எழுத்தா, இலக்கமா" என்று கேட்கும் இஸ்ஆல்நம் ஃபங்ஷனை வைத்து ஒரு சுழற்சி எழுதுகிறீர்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு அருமையாக ஓடுகிறது. இப்போ 'மொத்தம்' என்று கொடுங்கள். 'ம' என்ற ஒற்றை எழுத்தை எடுத்துவிட்டு, அடுத்ததாகத் தெரியாத குறி என்று பிழை கொடுத்து நின்றுவிடும்.

காரணம் யூனிகோடில் தமிழ் சேமிக்கப்படும் விதம். நம் கண்ணுக்கு மொத்தம் நான்கு எழுத்து: மொ, த், த, ம். யூனிகோடில் ஏழு குறியெண்கள்: ம, ஒகரக் குறி, த, புள்ளி, த, ம, புள்ளி. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரை. அதில் 'க' 2965, கால் எனும் துணையெழுத்து 3006, புள்ளி 3021. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. மெய்க்குரிய குறியோடு துணைக்குறி சேர்ந்துதான் உருவாகிறது. இந்தத் துணைக்குறிகளை யூனிகோடு 'எழுத்து' என்ற வகையில் வைக்கவில்லை. 'இணையும் குறி' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஆகவே "இது எழுத்தா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் பயன்படுத்தினால் இன்னும் மோசம். சொல்லுக்குரிய குறியைக் குறிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ போடுகிறோமே, பைத்தானின் ரீ மாட்யூலில் அதுவும் இதே வரையறைதான். 'மொத்தம்' என்பதில் உள்ள எல்லாச் சொற்களையும் எடு என்று ஃபைண்ட்ஆல் போட்டால் கிடைப்பது: ம, த, தம. பிழை எதுவும் வராது. துணைக்குறிகளும் புள்ளிகளும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். சொல் எல்லையைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் பி-யும் ஏமாற்றும். 'நட' என்ற சொல்லை மட்டும் தேடச் சொன்னால், 'நடி' என்பதற்குள்ளும் அது கண்டுபிடித்துவிடும். ஏனென்றால் 'ட'வுக்கும் அதன் இகரக் குறிக்கும் நடுவில் ஒரு சொல் எல்லை இருப்பதாக அது நினைக்கிறது. ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டு!

இது நம்முடைய லேப் புரோகிராமில் மட்டும் நடக்கும் கூத்து இல்லை. கூகுளில் உருவான கோ மொழியின் வரையறையில், பெயர் என்பது யூனிகோடு எழுத்து வகைகளும் இலக்கங்களும் அடிக்கோடும் மட்டுமே. இணையும் குறிகளுக்கு இடமில்லை. எனவே கோ மொழியில் 'மொத்தம்' என்று மாறிக்குப் பெயர் வைக்க முடியாது. 'பட' வைக்கலாம், 'படம்' வைக்க முடியாது, அந்த மகரப் புள்ளி தடுத்துவிடும். இந்தியும் பிற இந்திய மொழிகளும் இதே நிலைதான். யூனிகோடை ஏற்கும் மொழிதான் அது. டோக்கனைசரின் அந்த ஒரு வரி வரையறை, கோடிக்கணக்கானவர்கள் எழுதும் சொற்களை வெளியே நிறுத்திவிட்டது.

எதிர்ப்பக்கம் போய் எல்லாவற்றையும் அனுமதித்தாலும் தொல்லைதான். பிஎச்பி மொழியில் 128 முதல் 255 வரையுள்ள எந்த பைட்டும் பெயரில் வரலாம். தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். மூன்றுமே அந்த எல்லைக்குள் வருவதால் தமிழ்ப் பெயர்கள் தாராளமாக ஓடும். ஆனால் கண்ணுக்கு ஸ்பேஸ் போலவே தெரியும் 160 என்ற எண்ணுள்ள உடையா வெற்றிடமும் பெயரின் பகுதியாகிவிடும். வெப் பக்கத்திலிருந்து காப்பி பேஸ்ட் செய்த கோடில் அது ஒளிந்திருந்தால், "விலை" என்ற மாறியும் "விலை" என்ற மாறியும் வேறு வேறாக இருக்கும். திரையைப் பார்த்து எத்தனை மணி நேரம் தேடினாலும் வித்தியாசம் தெரியாது.

நடுவழி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. எந்தக் குறி பெயரைத் தொடங்கலாம், எது பெயருக்குள் தொடரலாம் என்று யூனிகோடு அமைப்பே இரண்டு பட்டியல்களைப் பராமரிக்கிறது. துணைக்குறிகளும் புள்ளியும் 'தொடரலாம்' பட்டியலில் உள்ளன. 'தொடங்கலாம்' பட்டியலில் இல்லை. தமிழ் இலக்கணத்துக்கும் இது ஒத்துப்போகிறது: புள்ளியில் எந்தச் சொல்லாவது தொடங்குமா? பைத்தான் 3, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் இந்தப் பட்டியல்களின் அடிப்படையில்தான் பெயர்களை ஏற்கின்றன. அதனால்தான் 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதலே தமிழில் மாறிப் பெயர் வைக்க முடிகிறது. பைத்தானில் டோக்கனைசர் எழுதுகிறீர்கள் என்றால் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். ஒரு குறி பெயரைத் தொடங்குமா என்று பார்க்க அதனிடமே இஸ்ஐடென்டிஃபையர் என்று கேளுங்கள். தொடருமா என்று பார்க்க அதற்கு முன்னால் ஒரு அடிக்கோட்டை ஒட்டிவிட்டுக் கேளுங்கள். முடிந்தது வேலை.

ஒரே பெயர், இரண்டு எழுத்துக்கூட்டல்

இன்னொரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறி (3018) ஒன்றாக. அல்லது க-வோடு எகரக் குறி (3014), பிறகு கால் (3006). திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்த 'கொள்முதல்' என்ற மாறியை இன்னொருவர் வேறு கீபோர்டில் அடித்தால் "அப்படி ஒரு மாறி இல்லை" என்று பிழை வரலாம்.

தீர்வு: பெயரைப் படித்து முடித்ததும் அதை யூனிகோடு நார்மலைசேஷன் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கீவேர்டு அட்டவணையில் தேடுங்கள். பைத்தானும் பெயர்களுக்கு இதைச் செய்கிறது. முழு உரைக்கும் சேர்த்து இதைச் செய்துவிடாதீர்கள். ஸ்ட்ரிங்குக்குள் பயனர் எழுதியது அவருடைய டேட்டா. அதை மாற்ற நமக்கு உரிமையில்லை. தவிர, உரையின் நீளம் மாறினால் நீங்கள் சொல்லும் இட எண்ணும் தப்பாகிவிடும்.

நார்மலைசேஷனும் காப்பாற்றாத இடம் ஒன்று தமிழில் உண்டு. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியோடு எழுதினால் நான்கு குறியெண்கள். அதையே எகரக் குறி போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்து 'கெளரி' என்று எழுதினால் ஐந்து. யூனிகோடைப் பொறுத்தவரை இவை இரண்டும் உண்மையிலேயே வேறு சொற்கள். டோக்கனைசர் இங்கே தலையிடக் கூடாது; எல்லை இரண்டிலும் சரியாகத்தான் இருக்கிறது. "இந்தப் பெயரில் மாறி இல்லை, 'கௌரி'யைச் சொல்கிறீர்களா?" என்று பிறகு பிழைச் செய்தியில் கேட்பது நல்ல மொழிக்கு அழகு.

எண்ணும் ஸ்ட்ரிங்கும்

எண்களில் கவனிக்க வேண்டியது புள்ளி. 3.14 சரி. ஆனால் உங்கள் மொழியில் 1..10 என்று வரம்பு எழுத வழி இருந்தால், 1-க்குப் பின் புள்ளியைப் பார்த்ததும் விழுங்கிவிடக் கூடாது. புள்ளிக்கு அடுத்து இலக்கம் இருந்தால் மட்டுமே தசமம். இல்லாவிட்டால் எண் 1-லேயே முடிந்தது.

இலக்கம் என்றால் எது? பைத்தானின் இஸ்டிஜிட், மேலே சின்னதாகப் போடும் வர்க்கக் குறியான ² ஐயும் இலக்கம் என்று ஏற்கும். அதை எண்ணாக மாற்றப் போனால் பிழை அடிக்கும். இஸ்டெசிமல் அதைத் தவிர்க்கும். தமிழ் இலக்கங்களான ௧, ௨ போன்றவற்றை இஸ்டெசிமலும் ஏற்கும். ௧௨ என்ற ஸ்ட்ரிங்கை பைத்தான் 12 என்று சரியாகவே மாற்றும். ஆனால் பைத்தான் கோடுக்குள் நேரடியாக ௧௨ என்று எழுதினால் ஏற்காது. உங்கள் மொழி ஏற்குமா? எதுவானாலும் நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும்; லைப்ரரி ஃபங்ஷன் உங்களுக்காக எடுத்த முடிவாக இருக்க வேண்டாம்.

ஸ்ட்ரிங்கில் முக்கியமான கேள்வி: மூடும் மேற்கோளை மறந்துவிட்டால்? கோப்பின் கடைசி வரை படித்துக்கொண்டே போய், "200-வது வரியில் பிழை" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. வரி முடிந்ததும் நிறுத்துங்கள். மேற்கோள் திறந்த இடத்தைச் சொல்லி, "இங்கே திறந்த மேற்கோள் மூடப்படவில்லை" என்று சொல்லுங்கள்.

பிழையைச் சொல்லும் விதம்

தெரியாத குறி வந்தால் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். 'பிழை' வகை டோக்கன் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த குறிக்கு நகருங்கள். பயனருக்கு ஒரே ஓட்டத்தில் எல்லாப் பிழைகளும் தெரியும். தொடர்ந்து பத்துத் தெரியாத குறிகள் வந்தால் பத்துச் செய்தி வேண்டாம், ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

அடிக்கடி வரும் விருந்தாளிகளுக்குத் தனிச் செய்தி வைப்பது நல்லது. வேர்டு ஃபைலிலிருந்து ஒட்டிய கோடில் வளைந்த மேற்கோள்கள் (8220, 8221) இருக்கும். மைனஸுக்குப் பதில் நீண்ட கோடு (8211) இருக்கும். கோப்பின் தொடக்கத்தில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். "தெரியாத குறி" என்பதற்குப் பதில் "இது வளைந்த மேற்கோள், நேரான மேற்கோளைப் போடவும்" என்று சொன்னால் ஒரு ஜூனியரின் ஒரு மணி நேரம் மிச்சம். விண்டோஸில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகள் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் வரி எண் இரட்டிப்பாகிவிடும், கவனம்.

பிழை உள்ள இடத்துக்குக் கீழே ^ குறி போட்டுக் காட்டுவது வழக்கம். தமிழில் அது பெரும்பாலும் தள்ளித்தான் விழும். 'மொத்தம்' ஏழு குறி, நான்கு எழுத்து, அகலமோ ஃபான்ட்டைப் பொறுத்தது. ஆகவே அம்புக்குறியை மட்டும் நம்பாமல், பிழையான துண்டையும் செய்திக்குள்ளேயே மேற்கோள் போட்டுக் காட்டுங்கள்.

பார்சரோடு கைகுலுக்கல்

பார்சருக்கு டோக்கனைசரிடமிருந்து இரண்டே இரண்டு ஃபங்ஷன்கள் போதும். 'பார்': அடுத்த டோக்கன் என்ன என்று எடுக்காமல் பார்ப்பது. 'எடு': அதை எடுத்துக்கொண்டு நகர்வது. சின்ன மொழிக்கு எல்லா டோக்கன்களையும் முதலிலேயே ஒரு பட்டியலாக எடுத்துவிடலாம். பார்சரே இல்லாமல் டோக்கனைசரை மட்டும் தனியாகச் சோதிக்க அது வசதி.

மொழியின் இலக்கணமும் டோக்கன்களும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதற்கு எழில் மொழியைப் பார்க்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய, தமிழ்க் கீவேர்டுகளைக் கொண்ட நிரல்மொழி அது. தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' பின்னால் வரும். எழிலும் அப்படியேதான் எழுத வைக்கிறது. ஆனால் நிபந்தனைக்கு முன் '@' குறி ஒன்று வரும். வரியின் தலையிலேயே அந்த டோக்கன் இருந்தால், கடைசியில் 'ஆனால்' வருமா என்று காத்திருக்காமல் இது நிபந்தனை வரி என்று பார்சர் எடுத்துக்கொள்ளலாம். மொழியின் இயல்பைக் கெடுக்காமல் பார்சரின் வேலையைக் குறைக்க ஒரு குறி போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

எழுதி முடித்ததும் இந்த உள்ளீடுகளைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை டோக்கன் வர வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு ஓட்டுங்கள்.

1. 5-3, 5 - 3, 5 -3. மூன்றிலும் முடிவையும் சேர்த்து நான்கு டோக்கன்கள் வர வேண்டும், ஒரே வரிசையில்.
2. காட்டு காட்டுப்பூனை. ஒரு கீவேர்டு, ஒரு பெயர்.
3. நட, நடி, நடிகர். மூன்றும் மூன்று முழுப் பெயர்கள். ஏதாவது ஒன்று உடைந்தால் 'தொடரலாம்' சோதனை தப்பு.
4. இரண்டு விதமாகச் சேமித்த 'கொள்முதல்'. இரண்டு டோக்கன்களின் பெயரும் சமமா என்று ஒப்பிடுங்கள்.
5. 1..10 மற்றும் 1.5. முதலாவதில் மூன்று டோக்கன்களும் முடிவும், இரண்டாவதில் ஒன்றும் முடிவும்.
6. மூடாத மேற்கோள் உள்ள ஒரு வரி, அதற்கு அடுத்து சரியான ஒரு வரி. முதல் வரியில் ஒரு பிழை மட்டும் வர வேண்டும். இரண்டாவது வரி ஒழுங்காகப் படிக்கப்பட வேண்டும்.
7. காலியான கோப்பு. முடிவு டோக்கன் ஒன்று மட்டும்.

இந்த ஏழும் சரியாக வந்தால் உங்கள் டோக்கனைசர் தயார். வராவிட்டால், எந்த இடத்தில் எல்லையைத் தவறாக முடிவு செய்கிறது அல்லது எந்த இடத்தில் பார்சரின் வேலையைத் தானே செய்யப் பார்க்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு யோசனை: உங்களுக்குப் பிடித்த நிரல்மொழியின் டோக்கனைசர் சோர்ஸ் கோடைத் திறந்து, பெயருக்கான வரையறையை மட்டும் தேடிப் படியுங்கள். பொதுவாக ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். உங்கள் பெயரைத் தமிழில் எழுதினால் அது முழுதாக உள்ளே போகுமா, நடுவில் உடையுமா என்று அந்த வரிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.